யானைக்குப் பின்னாலை ஆர் வருகினம்?

என் பிக்கப் ட்ரக்கின் டாஷ்போர்டில் வரிசையாக நான்கு பொத்தான்கள் இருந்தன. அமுக்கினால் ஒன்றும் அமுங்காது. அவை பொத்தான்களே அல்ல, பொத்தான் இருந்திருக்கவேண்டிய ஓட்டையை அடைக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் மூடிகள். இதே ஆண்டில், இதே தொழிற்சாலையில் செய்த இதே ட்ரக்கை இன்னும் கொஞ்சம் காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்த இடங்களில் ஒன்று சீற்றைச் சூடாக்கும், ஒன்று ஃபொக் லைற்றைப் போடும், ஒன்று இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சூடாக்கி ஐஸை உருக்கும். கொடுக்காதவருக்கு மூடி. அந்த மூடியைத் தட்டையாகச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். இல்லை, பொத்தான் வடிவத்திலேயே செய்திருக்கிறார்கள். இங்கே ஒன்று வந்திருக்கவேண்டும், உனக்கு வரவில்லை என்பதை வண்டி துருப்பிடித்து முடியும்வரை சொல்லிக்கொண்டிருக்கவேண்டும் அல்லவா?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், காசு கொடுக்க மறுத்தவன் நானல்ல. 2002இல் இந்த ட்ரக்கைப் புதிதாக வாங்கியவர் ஒரு கூரை வேலைக்காரர். அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் அதிகாலையில் அவரைத் தவறாமல் நினைத்துக்கொள்கிறேன். நல்ல வார்த்தைகளால் அல்ல.

ட்ரக்கின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஸ்காபரோவில் ஒருவன் ஒரு ட்ரக்கின் பெயரைச் சொல்லிக் குறை சொன்னால், அதே கொம்பனி வண்டி வைத்திருக்கும் அத்தனை மச்சான்மாரும் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, கப்பை வைத்துவிட்டுச் சண்டையைத் தொடங்குவார்கள்.

வட அமெரிக்க ட்ரக் உலகில் வருணாசிரமம் இன்னும் கடுமையாக அனுசரிக்கப்படுகிறது. ஆகக் கீழே என்னுடையது: தரையில் கம்பளம் கிடையாது, றப்பர், ஜன்னலைக் கையால் சுற்றி இறக்கவேண்டும். அதற்கு மேலே துணிச் சீற். அதற்கும் மேலே தோல் சீற். உச்சியில் இருப்பவர்களுக்கு மரம் என்று நம்பவைக்கும் பிளாஸ்ரிக். சூடாகும் கண்ணாடி மேல் வருணத்தாருக்கு மட்டுமே. தனியாகக் கேட்டாலும் கிடையாது, 'பக்கேஜ்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். கண்ணாடி வேண்டுமென்றால் தோல் சீற்றும் கூடுதல் ஸ்பீக்கர்களும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும். கூரையில் தார் பூசிவிட்டு வருகிற மனிதர் தோல் சீற்றில் உட்கார்ந்தால் சீற் என்னவாகும், மனிதர் என்னவாவார் என்று யாரும் யோசிப்பதில்லை. குளிர் மட்டும் எல்லோருக்கும் ஒரே பக்கேஜ்.

மனிதனின் பின்பக்கத்தைச் சூடாக்கவேண்டும் என்ற எண்ணம் கடிலாக் காரர்களுக்கு 1966இலேயே வந்துவிட்டது. அந்த ஆண்டுக் கார்களில் சீற் சூடாக்கி வந்துவிட்டது. பின்பக்கத்துக்குக் காட்டிய அந்த அவசரத்தைப் பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கும் காட்டியிருந்தால், நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

எனக்கு ஏன் ட்ரக் என்பதைச் சொல்லவேண்டும். மனைவி கலியாண அலங்காரத் தொழில் நடத்துகிறார். மணவறை, தூண்கள், பூவளைவு, குத்துவிளக்கு, வாசலில் நிற்க ஃபைபர் யானை. நான் சாரதி. கனடாவில் கலியாணம் கோடையில் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்குத் தை மாதத்தில் நல்ல நாளும் உண்டு, ஹோல் வாடகையும் குறைவு என்ற இரட்டை யோகம் தெரியாது. ஆகவே வெளியே மைனஸ் 18 இருக்கும் காலைகளிலும் நானும் யானையும் வீதியில் இருப்போம்.

யானை ட்ரக்கின் பின்பெட்டியில் முன்னால் பார்த்தபடி நிற்கும். திருப்பி நிறுத்தினால் காற்று காதுக்குள் புகுந்து காதையே பிய்த்துவிடும். அதனால் உள்ளே தலைக்கு நேரே இருக்கும் கண்ணாடியில் எனக்குத் தெரிவது யானையின் முகம் மட்டும்: நெற்றிப்பட்டம், இரண்டு பெரிய கண், ஒரு சிரிப்பு. 401இல் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும்போது, ஒரு யானை என் பிடரியைப் பார்த்துச் சிரித்தபடி அதே வேகத்தில் துரத்திக்கொண்டு வரும். அதற்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

401 பற்றித் தெரியாதவர்களுக்கு: வட அமெரிக்காவிலேயே ஆகக் கூடுதல் வாகனங்கள் ஓடும் நெடுஞ்சாலை அது. சில இடங்களில் 18 லேன். அதில் லேன் மாறுவதற்குத் தைரியம் மட்டும் காணாது, பக்கக் கண்ணாடியும் வேண்டும். பின்கண்ணாடி மறைந்திருந்தால் பக்கக் கண்ணாடிகளாவது பின்னால் வருவதைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டமும் எதிர்பார்க்கிறது. யானைக்கென்று அதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

பக்கக் கண்ணாடியின் துரதிர்ஷ்டம் அது வெளியே தனியாக நீட்டிக்கொண்டு நிற்பது. முகில் இல்லாத இரவில் அது தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் வந்து அதில் உறைபனியாக ஒட்டும். இது சாது ரகம், சுரண்டினால் போய்விடும். மற்றது ஐஸ் மழை. அது தண்ணீராக விழுந்து, பட்ட இடத்திலேயே இறுகும். 2013 டிசம்பரில் ரொறொன்ரோவில் அப்படியொரு மழை பெய்து, மரங்கள் முறிந்து கம்பிகளில் விழுந்து, நத்தார் நாளிலும் பல வீடுகளில் மின்சாரம் இல்லை. ஊர் முழுக்க மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டது. நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அதற்குள் எங்கோ இருக்கும் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. சுடுதண்ணி ஊற்று என்றார் ஒருவர். ஊற்றினால் ஐஸ் போகும், கண்ணாடியும் வெடித்துச் சேர்ந்து போகும். இரண்டு பங்கு அற்ககோலும் ஒரு பங்கு தண்ணீரும் கலந்து அடி என்றார் இன்னொருவர். இது உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் அந்த மணத்தோடு கலியாண ஹோலுக்குள் போனால் மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிற பார்வை வேறு. உருளைக்கிழங்கை வெட்டித் தேய் என்றா ஒரு மாமி. கிழங்கின் விலையைச் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டா. மனைவியின் யோசனை இரவில் கண்ணாடிகளுக்குத் தமிழ்க்கடைப் பையை மாட்டி றப்பர் வளையம் போடுவது. அப்படிச் செய்த காலையில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா தன் நாயோடு நின்று வெகுநேரம் பார்த்தார். "காதுக்குக் குளிருதாமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனார்.

கண்ணாடியின் சரித்திரத்தைக் கிளறினால் அதுவும் ஆறுதலாக இல்லை. 1909இல் டொரோத்தி லெவிற் என்ற ஆங்கிலேயப் பெண் சாரதி, காரோட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியைக் கிட்ட வைத்திருக்கவேண்டும், அவ்வப்போது தூக்கிப் பின்னால் பார்க்க உதவும் என்று புத்தகத்தில் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து, 1911இல், முதலாவது இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்கு ரே ஹரூன் காரில் கண்ணாடி பூட்டிக்கொண்டு வந்தார். மற்றவர்களுடைய கார்களில் பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக் கூடவே இருந்தார். இவர் தனியாள். இது ஆபத்து என்று மற்றவர்கள் முறையிட, கண்ணாடி இருக்கிறதே என்று வாயை அடைத்தார். பந்தயத்தையும் வென்றார். அந்தத் தரை செங்கல் பாவியது. கார் குலுங்கிய குலுக்கில் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னாராம். ஆக, முன்னோடியும் என்னைப் போன்றவர்தான். அவருக்குப் பின்னால் யானை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்ற மார்கழியில், இனிப் பொறுக்கமுடியாது, கண்ணாடியைச் சூடாக்கியே தீருவேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

"இஞ்சருங்கோ, உந்த ட்ரக்கை வித்தாலும் உந்தக் கண்ணாடிக்குக் காசு வராது" என்றார் மனைவி. இதில் தவறு சொல்ல முடியாது. புதிய சோடியின் விலையை விசாரித்தபோது போனில் சொன்னவரின் குரலே கொஞ்சம் கூசியது.

மாமா, அதாவது மனைவியின் தகப்பனார், எங்களோடு இருக்கிறார். இலங்கையில் மின்சார சபையில் லைன் வேலை பார்த்தவர். கம்பத்தில் ஏறி இறங்கியே முப்பது வருடம் போனது. கனடாவுக்கு வந்தபிறகு அவருக்கு ஏறக் கம்பமில்லை. அறிவிப்பைக் கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தினை வோல்ற்?"

"பன்ரண்டு, மாமா."

"பன்ரண்டு வோல்ற்றெல்லாம் ஒரு கரண்டே தம்பி? நாக்கிலை வைச்சாலும் கூசாது." கொஞ்ச நேரம் பேப்பர் படித்தார். பிறகு அவராகவே, "வோல்ற் குறைஞ்சா அம்பியர் கூடும். உதுக்குத் தடிச்ச வயர் வேணும். நானும் வாறன்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஒரே அளவு சூட்டுக்கு 230 வோல்ற்றில் ஓடுவதைவிட 12 வோல்ற்றில் ஏறக்குறைய இருபது மடங்கு அம்பியர் ஓடவேண்டும்.

சூடாகும் கண்ணாடியில் மந்திரம் ஒன்றுமில்லை. கண்ணாடியின் முதுகில் மெல்லிய தகடு ஒன்று ஒட்டியிருக்கும், அதற்குள் சுருண்டு சுருண்டு ஒரு தடைக்கம்பி. தனியே அந்தத் தகட்டை மட்டும் வாங்கிப் பழைய கண்ணாடியில் ஒட்டலாம். ஆனால் இருபது வயதுக் கண்ணாடியை அதன் தட்டிலிருந்து முழுசாகப் பெயர்த்து எடுப்பதற்கு ஹெயார் ட்ரையரும் பொறுமையும் தெய்வ சகாயமும் வேண்டும். நாங்கள் மற்ற வழியைப் பிடித்தோம். அதே மொடலின் மேல் வருணத்து ட்ரக் எங்காவது செத்துக் கிடக்கும், அதன் கண்ணாடிகளை அப்படியே கொண்டுவருவது.

ஸ்க்ராப் யார்ட் ஒரு சமத்துவபுரம். வாசலில் சில டொலர் கட்டிவிட்டு, உன் ஸ்பானரோடு உள்ளே போய், நீயே கழற்றிக்கொண்டு வரவேண்டும். றிம்களை ஒட்டிச் செய்த தாங்கிகளின்மேல் வரிசை வரிசையாக வண்டிகள். தோல் சீற்றும் றப்பர் தரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே சேற்றில். எங்களுடைய மொடல் ஒன்று கிடைத்தது. முன்பக்கம் சப்பளிந்திருந்தாலும் கண்ணாடிகள் இரண்டும் முழுசு. மாமா மீற்றரைக் கண்ணாடிக்குப் பின்னால் போகும் இரண்டு வயரிலும் வைத்தார்.

"எட்டு ஓம்" என்றேன்.

"ஓம்" என்றார் மாமா.

அத்தோடு மற்றப் பக்கமும் பார்த்தோம், அதுவும் உயிரோடுதான் இருந்தது. சோடி 80 டொலர். டாஷ்போர்டிலிருந்து உண்மையான சுவிட்ச்சையும், கண்ணாடிப் படத்துக்கு மேலே மூன்று நெளிகோடு போட்டது, கழற்றிக்கொண்டோம். அதற்குக் கல்லாவில் இருந்த பையன் காசே வாங்கவில்லை. மேல் வருணத்தின் அடையாளச் சின்னத்தை அவன் குப்பை என்று நினைத்துவிட்டான்.

இரவு மேசையில் சுவிட்ச்சை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கணக்குப் போட்டாள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற், எட்டு ஓம், ஆகவே ஒரு கண்ணாடிக்கு ஒன்றே முக்கால் அம்பியர், சுமார் 24 வாட். கண்ணாடி 20 சென்ரிமீற்றருக்கு 18. அதன்மேல் ஒரு மில்லிமீற்றர் ஐஸ் என்றால் 33 கிராம். ஒரு கிராம் ஐஸை உருக்க 334 ஜூல். "ஏழரை நிமிஷம் அப்பா. காத்து அள்ளிக்கொண்டு போற சூட்டை நான் சேர்க்கேல்லை." சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு. தொழிற்சாலையில் பூட்டி வரும் கண்ணாடிகள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அணைவதன் இரகசியம் இதுதான். பள்ளிக்கூடத்தில் மறை வெப்பம் என்று நான் பாடமாக்கி மறந்த விஷயம் கடைசியில் என் வாகனத் தரிப்பிடத்தில் வந்து நின்றது.

பூட்டுகிற வேலைக்கு ஒரு ஞாயிறு. மைனஸ் மூன்று, அதாவது இதமான நாள். கடும் குளிரில் கதவின் உட்பலகையைக் கழற்றினால் பிளாஸ்ரிக் கிளிப்புகள் பிஸ்கற்றாக நொறுங்கும். ஆனால் உட்பலகை கழற்ற முதலில் ஜன்னல் சுற்றும் கைபிடி கழரவேண்டும். அதைப் பிடித்திருப்பது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு குதிரைலாட வடிவக் கிளிப். அதற்கென்று ஆயுதம் விற்கிறார்கள். மாமா தன் பழைய சாரத்தின் கரையைக் கிழித்தெடுத்து, கைபிடிக்குப் பின்னால் விட்டு, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்தார். 'டிங்' என்று ஒரு சத்தம். கைபிடி கையில் வந்தது. கிளிப் வானத்தில் போனது. அது ஸ்னோவுக்குள் எங்கே விழுந்தது என்பதில் குடும்பத்தில் மூன்று கட்சிகள் உருவாகின. மனைவி கலியாண வீட்டுக் காந்தத்தை, தாம்பூலத் தட்டுப் பெட்டியைச் சாத்த வைத்திருந்ததை, ஒரு நூலில் கட்டி ஸ்னோவின்மேல் இழுத்துப் போய் எடுத்துவிட்டார். அத்தோடு இந்த வேலையில் அவருக்கும் பங்கு உண்டு என்றாகிவிட்டது.

வேலையின் இதயம் வயர். மின் ஜன்னல் இருக்கும் வண்டிகளில் கதவுக்கும் கபினுக்கும் இடையே றப்பர் குழாயும் அதற்குள் வயர்க்கட்டும் தயாராக இருக்கும். கையால் சுற்றுகிற வருணத்துக்கு அது எதற்கு? கதவிலும் தூணிலும் ஓட்டை இருக்கிறது, அதையும் அடைத்துவிட்டிருந்தார்கள். அடைப்பைப் பிடுங்கி, றப்பர் குழாயைச் சவர்க்காரத் தண்ணியில் தோய்த்து நுழைத்து, ட்ரை கிளீனரில் இருந்து கூறைச் சேலையோடு வந்த கம்பி ஹங்கரை நிமிர்த்தி, அதன் நுனியில் வயரைக் கட்டி இழுத்தோம். ஒற்றைக் கம்பி வயரை மாமா தொடவே விடவில்லை. "கதவு திறந்து பூட்டப் பூட்ட மடியும். ஆறு மாசத்திலை முறியும். பல இழை வயர்தான், அதுவும் தொய்ய விட்டு." பிறகு பற்றறியிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து ரிலே, பத்து நிமிடத்தில் அணையும் ரைமர். சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற வயரில் ரிலேயைக் கொளுவினார், இல்லாவிட்டால் ஒருநாள் பற்றறி காலி. மூன்றரை அம்பியருக்கு இவ்வளவு சடங்கு தேவையா என்று கேட்டேன். "கரண்டுக்கு மரியாதை குடுக்கவேணும்" என்றார், நாக்கில் வைத்தாலும் கூசாது என்ற அதே மனிதர்.

இடையில் கவிதை எழுதும் நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். புலம்பெயர்ந்தவனுக்குப் பின்னால் பார்க்கும் கண்ணாடி எவ்வளவு முக்கியம் என்று தொடங்கினார். அவருடைய கையில் ரோர்ச்சைக் கொடுத்து, கதவுக்குள் பிடிக்கச் சொன்னேன். இருட்டும்வரை பிடித்தார். கவிதை வரவில்லை.

புதிய கண்ணாடிகளுக்குள் திசை மாற்றும் மோட்டாரும் இருக்கிறது. அதற்கு வயர் விட இடமில்லை. ஆகவே கண்ணாடியை விரலால் தள்ளித்தான் சரிசெய்கிறேன். அங்கே எஞ்சினியராக இருந்துவிட்டு இங்கே இரவுக் காவலுக்குப் போன எங்கள் ஆட்களைப் போல, அந்த மோட்டார் எல்லாத் தகுதியோடும் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

கடைசியில் மூடியை நெம்பி எடுத்து அந்த ஓட்டையில் சுவிட்ச்சை அமுக்கினேன். டக்கென்று உட்கார்ந்தது. ஓட்டை இருபது ஆண்டாக அதற்காகவே காத்திருந்தது. அமுக்கினால் செம்மஞ்சளாக ஒரு சிறு விளக்கு எரிந்தது. மாமா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, நாடி பிடித்துப் பார்க்கிற பரியாரியின் அமைதியோடு தலையாட்டினார்.

தை மாதம் முதல் கலியாணம். இரவு ஐஸ் மழை. அதிகாலையில் யானையை ஏற்றிக் கட்டிவிட்டு எஞ்சினைப் போட்டு சுவிட்ச்சை அமுக்கினேன். முன்கண்ணாடியையும் ஜன்னல்களையும் கையால்தான் சுரண்டினேன், அதில் மாற்றமில்லை. நான் சுரண்டிச் சுற்றி வருவதற்குள் பக்கக் கண்ணாடியின் ஐஸ் ஓரமெல்லாம் நெகிழ்ந்து, ஒரு துண்டாக வழுகி விழுந்தது. மகளின் கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை என்று அவள் சொல்கிறாள். கையில் மணிக்கூடு வைத்திருந்தவளும் அவள்தான்.

மாமாவை ஏற்றிக்கொண்டு 401இல் ஏறினேன். உள்ளே இருந்த கண்ணாடியில் யானை வழக்கம்போலச் சிரித்தது. வெளிக்கண்ணாடியைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், குளிர்காலத்தில் முதல் தடவையாக.

எங்களுக்குப் பின்னால், வரக்கூடாத அளவு கிட்டத்தில், ஒரு வான். அதன் முன்சீற்றில் இருந்த பெண் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து லேனில் ஒரு கார் வேகத்தைக் குறைத்து எங்களோடு சமமாக வந்தது, பின்சீற்றில் இரண்டு பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொரு போன். யானையின் முகம் முன்னால் இருப்பதால் அவர்கள் அத்தனை பேரும் ஆர்வமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது யானையின் பின்பக்கத்தை. இத்தனை குளிர்காலமும் இந்த ஊர்வலம் என் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது. கூரை வேலைக்காரரின் புண்ணியத்தில் எனக்குத் தெரியாமலே.

"முந்தி நிம்மதியா ஓடினியள் தம்பி" என்றார் மாமா.

ஹோலில் இறங்கியதும் மனைவியிடம் சொன்னேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"எங்கடை போன் நம்பரைப் பெரிசா அடிச்சு யானையின்ரை பின்பக்கத்திலை ஒட்டுங்கோ."

"இரவிலை தெரியாதே" என்றேன்.

மாமா யானையைச் சுற்றி ஒருதரம் நடந்து, அதன் வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"உதிலை ஒரு லைற் போடலாம். பன்ரண்டு வோல்ற் காணும்."